வழுக்கும் முற்றமும் வற்றும் கிணறும்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும். மதுரை வட்டாரத்து வீடுகளில் ஓர் எச்சரிக்கை காலையும் மாலையும் ஒலிக்கத் தொடங்கிவிடும். "பார்த்து நட, வழுக்கும்!" என்பதே அது. வீட்டு வாசல், பின்கட்டு, கிணற்றடி, பள்ளி வளாகம், கோயில் முற்றம் ஆகிய திறந்தவெளித் தளங்கள் எல்லாவற்றிலும் நீர் தேங்கி, சிமெண்டின்மேல் மெல்லிய பச்சைப் படலமாகப் பாசி படர்ந்துவிடுகிறது. விடியற்காலை மங்கல் ஒளியில் கண்ணுக்கு அது தெரிவதில்லை, காலுக்குத்தான் தெரிகிறது. முதல் திருப்பலிக்கு இருட்டோடு புறப்படும் பாட்டிமார்களே பெரும்பாலும் இதற்கு இரையாகிறார்கள். இளையவர் விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துவிடுவர். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், அந்தக் குடும்பத்தின் ஓராண்டு வாழ்வே நிலைகுலைந்து போகிறது.

குளிர்நாடுகளில் இதே துன்பம் பனிக்கட்டியின் வடிவில் வருகிறது. அவர்கள் அதற்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்று நம் முற்றங்களுக்கும் பொருந்துகிறது. அதோடு நம் கிணறுகளுக்கும் நன்மை செய்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பனி நாட்டார் கண்ட வழி

குளிர்காலத்தில் பகல் வெயிலில் பனி உருகித் தளத்தின்மேல் நீராக நிற்கும். இரவில் அந்த நீரே உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். பெய்யும் பனியைவிட, இவ்வாறு உருகி மீண்டும் உறையும் நீரே மிகுந்த ஆபத்தானது. அதனைக் கரைக்க அந்நாட்டார் சாலைகளில் உப்பைத் தூவுகின்றனர். அந்த உப்பு கரைந்து ஓடைகளையும் கிணறுகளையும் உவர்ப்பாக்குகிறது என்பது அங்கே நெடுநாளைய முறையீடு.

மேலே நிற்கும் நீர்தான் உறைகிறது என்றால், நீரை மேலே நிற்கவிடாமலே செய்தால் என்ன? இந்த எளிய கேள்வியிலிருந்து பிறந்ததே நீர் உட்புகும் தளம். தார்க் கலவையிலோ சிமெண்டுக் கலவையிலோ பொடிப் பகுதியைக் குறைத்துவிட்டால், ஜல்லிகளுக்கிடையே சிறுசிறு இடைவெளிகள் தங்கிவிடும். பெய்த நீர் அவற்றின் வழியே இறங்கி, அடியிலுள்ள கனத்த ஜல்லிப் படுகையில் தங்கி, மெல்ல மண்ணுக்குள் செல்லும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் குளத்தருகே 1977ஆம் ஆண்டில் இம்முறையில் ஒரு வாகன நிறுத்தத் தளத்தை அமைத்தனர். காந்தியடிகளின் சிந்தனையைத் தொட்ட தோரோ என்னும் அறிஞர் குடிசை கட்டி வாழ்ந்த குளக்கரை அதுதான்.

பிற்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் மழைநீர் ஆய்வு மையத்தார் வழக்கமான தார்த்தளத்தையும் துளைத் தார்த்தளத்தையும் குளிர்காலங்களில் ஒப்பிட்டுக் கவனித்தனர். துளைத் தளத்திற்கு ஆண்டு முழுவதும் தேவைப்பட்ட உப்பு, மற்றதற்குத் தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. வானிலிருந்து விழும் பனியை இத்தளம் விழுங்கிவிடாது. அதனை வாரித்தான் தள்ளவேண்டும். ஆனால் வாரியபின் எஞ்சும் ஈரம் உருகி உள்ளே இறங்கிவிடுவதால், மறுநாள் காலையில் கண்ணாடித் தளம் உருவாவதில்லை.

கொடைக்கானலில் மார்கழியிலும் தையிலும் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். மலையடிவாரத்து மதுரைச் சமவெளிக்கு அந்தப் பனி இறங்கி வருவதில்லை. நம் எதிரி பாசி. ஆயினும் இரண்டிற்கும் மூலம் ஒன்றே: தளத்தின்மேல் தேங்கி நிற்கும் நீர். பாசிக்கு வேண்டியவை ஈரமும் நிழலும் சிறிது அழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பல நாள் மூடியே கிடக்கிறது. சூரியனும் தென்திசையில் சாய்ந்து செல்வதால், கட்டடங்களின் வடபுறம் வெயிலைக் காண்பதே இல்லை. கோயிலின் வடபுறத்து முற்றம் மட்டும் எப்பொழுதும் அதிகம் வழுக்குவதன் காரணம் இதுவே. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்துவிடும் தளத்தில் பாசி எளிதில் வேரூன்றாது.

மண் முற்றம் போய்ச் சிமெண்டு முற்றம் வந்த கதை

நம் முன்னோர் வீடுகளில் முற்றம் மண்ணாகவோ, சரளை பரப்பியதாகவோ இருந்தது. கிணற்றடியில் மட்டும் கருங்கல் பலகைகளைப் பாவி, இடையிடையே மண்ணை விட்டிருப்பர். கோயில் முற்றங்களில் ஆற்று மணலைப் பரப்பியிருப்பர். நீர் விழுந்த இடத்திலேயே இறங்கிற்று. அக்காலத்தைப் புகழ்ந்து பாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: மண் முற்றம் அடைமழையில் சேறாகும், மணல் முற்றத்தில் ஊன்றுகோலோடு நடப்பது பெரும்பாடு, சக்கர நாற்காலியைத் தள்ளவே இயலாது. மக்கள் சிமெண்டுக்கு மாறியது வெறும் பகட்டுக்காக அன்று. திருமண நாளில் விருந்தினர் சேற்றை மிதிக்காமல் வரவேண்டும் என்று விரும்பியதில் குற்றமில்லை.

ஆனால் மாற்றம் அளவோடு நிற்கவில்லை. முதலில் நடைபாதை, பின் வாசல், பின் முற்றம் முழுவதும், இறுதியில் வேப்பமரத்தின் அடிமரம் வரையில் சிமெண்டு சென்றது. அதன்பின் வந்தது பேவர் பிளாக். வண்ண வண்ணமாக, வரிசை வரிசையாக, இரண்டே நாளில் முற்றம் புதுக்கோலம் கொள்வதால் அது எங்கும் பரவிற்று. மரித்த பெற்றோரின் நினைவாகக் கோயில் முற்றத்திற்குக் கல் பதித்துத் தரும் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுடைய நல்லெண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நன்கொடை எப்பொழுதும் இத்தனை சதுர அடி என்றே பேசப்படுகிறது. எத்தனை அங்குல ஆழம் என்று யாரும் கேட்பதில்லை. சிக்கலே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது.

பேவர் பிளாக் கட்டிகளுக்கிடையே சந்து இருக்கிறதே, நீர் அதன் வழியே இறங்காதா என்று கேட்கலாம். வழக்கமான பணியில் முதலில் நிலத்தைக் கெட்டியாக இடித்து, சிலவிடங்களில் கான்கிரீட்டும் போட்டு, அதன்மேல் கிரஷர் தூசையோ எம்-சாண்டையோ பரப்பிக் கட்டிகளை நெருக்கமாக அடுக்குகின்றனர். சந்துகளில் பொடி மணலைக் கூட்டி நிரப்புகின்றனர். முதல் மழையில் சிறிது நீர் இறங்கும். ஆண்டு ஒன்று கழியுமுன் தூசும் சேறும் சந்துகளை அடைத்துவிடும். பின்னர் அது துண்டு துண்டான சிமெண்டுத் தளமே அன்றி வேறில்லை.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றின் வழியாக எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று ஊர் முழுவதும் ஆர்வத்தோடு குழிகள் தோண்டினர். பிறகு முற்றத்திற்குக் கல் பதித்தபொழுது, பலருடைய வீட்டில் அந்தக் குழியின் மூடியும் கல்லுக்கு அடியில் போய்விட்டது. உங்கள் வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர்க்குத் தெரியாது.

மதுரைக்கு இது ஏன் பெரிது?

வைகை வற்றாத ஆறன்று. ஊரைச் சுற்றியிருந்த கண்மாய்கள்தாம் மழையைப் பிடித்து வைத்து, நிலத்தடிக்கு ஊட்டி வந்தன. அவற்றுள் பல இன்று பெயரளவில் மட்டுமே வாழ்கின்றன. தல்லாகுளம் கண்மாயிருந்த இடத்தில் மாநகராட்சிக் கட்டடம் எழுந்தது. உலகனேரிப் பகுதியில் உயர் நீதிமன்றக் கிளை 2004ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கிருதுமால் நதி நகருக்குள் சாக்கடையாக ஓடுகிறது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்கூட நெடுங்காலம் வறண்டு கிடந்து, சிறுவர்களின் கிரிக்கெட் திடலாயிற்று. வைகை நீர் வரும் வழியைச் சீரமைத்த பிறகே அதில் மீண்டும் நீர் நின்றது.

நிலத்தின் அமைப்பும் நமக்கு அவ்வளவாக இரங்குவதில்லை. மேலூர்ப் பகுதியின் கிரானைட் குவாரிகளைக் கண்டவர்க்குத் தெரியும்: மேலே சில அடி மண்ணும் சிதைந்த பாறையும், அதன்கீழ் கெட்டிப் பாறையும் உள்ளன. மேலுள்ள அந்தப் படலத்திலும் பாறை வெடிப்புகளிலுமே நம் கிணற்று நீர் தங்குகிறது. மேலிருந்து ஊட்டாவிட்டால் அந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் இருநூறு அடி இறக்கினால் நீர் கிடைக்கும் என்பது எப்பொழுதும் நிறைவேறும் நம்பிக்கையன்று.

மறுபுறம், இறங்க வழியில்லாத மழை தெருவுக்கு ஓடுகிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மதுரையில் ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் மழை பெய்தது. அதில் பெரும்பகுதி சிறிது நேரத்திலேயே கொட்டித் தீர்த்தது. செல்லூரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் மிகுநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்காலால் அதனைத் தாங்க முடியவில்லை. அந்த வெள்ளத்தில் எத்தனை முற்றங்களின் நீர் கலந்திருந்தது என்று எண்ணிப் பார்ப்பது தகும்.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். மதுரையில் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். 50 செண்டுப் பரப்புள்ள கோயில் முற்றம் ஒன்று ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர் இருக்கும். எனவே ஆண்டொன்றுக்கு அதன்மேல் விழுவது 17 இலட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் சொன்னால் ஏறக்குறைய 140 லாரி! பாதி ஆவியாகவும் சிதறியும் போனாலும் 70 லாரி நீர் நிலத்துக்குள் சேரும். கோடையில் ஒரு லாரிக்குக் காத்திருந்து காசு கொடுக்கும் குடும்பத் தலைவியர்க்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

கல்லுக்குக் கீழே என்ன போடுவது?

நீர் உட்புகும் முற்றம் என்றவுடன் வெளிநாட்டுப் பொருள் எதுவோ வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். நம் ஊர்க் கொத்தனாரும், நம் ஊர் ஜல்லியும் போதும்.

ஒன்றரை அடி அளவு மண்ணை வெட்டியெடுக்க வேண்டும். அடிமண்ணை ரோலர் கொண்டு இறுக்கலாகாது. இறுக்கினால் நீர் இறங்காது. மண் மேலேறி ஜல்லியோடு கலவாமலிருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரிப்பது நலம். அதன்மேல் ஓர் அடிக்கு ஒன்றரை ஜல்லியைக் கொட்டிப் பரப்ப வேண்டும். அந்த ஜல்லி கழுவப்பட்டு, தூசில்லாமல் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு தேவை. அதற்குமேல் இரண்டு மூன்று அங்குலம் கால் அங்குலச் சிப்ஸ், அதன்மேல் கட்டிகள். கட்டிகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர்ச் சந்து விட்டு, அதிலும் மணலை அன்றிச் சிப்ஸையே நிரப்ப வேண்டும். சந்து இதற்குமேல் அகன்றால் ஊன்றுகோலின் முனை சிக்கிக்கொள்ளும். சுற்றிலும் விளிம்புக் கல்லைச் சிமெண்டில் உறுதியாகப் பதித்தால், கட்டிகள் விலகாமல் நிற்கும்.

ஓர் அடி ஜல்லியில் பத்தில் நான்கு பங்கு வெற்றிடம். அதாவது 30 செண்டிமீட்டர்ப் படுகையில் 12 செண்டிமீட்டர் உயர நீர் தங்கும். மேலே சொன்ன 2024ஆம் ஆண்டு மழை முழுவதையும் அது தன்னுள் அடக்கியிருக்கும், கூரை நீரையும் அதிலேயே திருப்பிவிடாதவரையில். கூரை நீருக்குத் தனிக் குழியே முறை.

மணல் சேர்க்காத துளைக் கான்கிரீட்டு மற்றொரு வழி. அதில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை வெற்றிடம் இருக்கும். நீர் விரைந்து இறங்கும். ஆனால் வழக்கமான கான்கிரீட்டின் வலிமை அதற்கு இராது. மேற்பரப்பும் சொரசொரப்பானது. நேர்த்திக்கடனாக முழங்காலில் கெபி வரை செல்வோர் உள்ள முற்றத்தில் அதனைப் போடுவது இரக்கமற்ற செயலாகும்! அவர்களுக்கும், திருவிழாச் சப்பரத்தின் சக்கரங்களுக்கும், சரக்கு லாரிக்கும் வழக்கமான கெட்டித் தளத்தில் ஒரு பாதை இருக்கட்டும். அந்தப் பாதையைச் சற்று மேடாக அமைத்து, அதன் நீர் இருபுறத்துத் துளைத் தளத்திலும் வடியுமாறு செய்தால் போதுமானது. முற்றம் முழுவதையும் ஒரே வகையில் மூடவேண்டும் என்ற பிடிவாதமே பல இடங்களில் தவறுக்குக் காரணம்.

மரத்தைச் சுற்றி நான்கடி ஐந்தடி விட்டத்திற்கு எதையும் பதிக்காமல் மண்ணாகவே விட்டுவிடுவது மிக நன்று. அடிமரம் வரை சிமெண்டிட்டு, பின் மரம் பட்டுப்போனதற்கு வேறு காரணம் தேடுவோரும் உண்டு.

கரிசல் மண்ணில் ஒரு தடை

மேலே சொன்னது செம்மண்ணுக்கும் சரளை நிலத்திற்கும் நன்கு பொருந்தும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். நனைந்தபின் நீரை எளிதில் உள்ளே விடாது. ஆகவே எந்த இடமானாலும் முதலில் ஒரு சோதனை செய்துகொள்வது அறிவுடைமை. முற்றம் வெட்டவேண்டிய ஆழத்திற்கும் கீழே ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழி எடுத்து, மாலையில் நீரை நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் காலை மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளவிடுங்கள். அரை அங்குலத்திற்குக் குறையாமல் இறங்கினால் நிலம் ஏற்றது. குறைந்தால், ஜல்லிப் படுகையின் அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதித்து, மிகுநீரைத் தொலைவிலுள்ள ஊறல் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். கரிசலில் கட்டடச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளியே இத்தளம் அமையட்டும். அடித்தளத்தின் அருகில் மண் மாறிமாறி உப்பிப் பிளந்தால் சுவர் வெடிக்கும்.

செப்டிக் டேங்க் அருகிலும், ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடத்திலும், வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்திலும் இது கூடவே கூடாது. டீசலும் கழிவும் நீரோடு சேர்ந்து கிணற்றுக்குத்தான் போகும். பாசியைப் போக்கப் பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் வாரி ஊற்றும் பழக்கத்தையும் இந்தத் தளத்தில் விட்டுவிட வேண்டும். நிழல் மிகுந்த மூலையில் சந்துகளில் சிறிது பாசி முளைக்கத்தான் செய்யும்; கட்டைத் துடைப்பத்தால் தேய்த்தால் போய்விடும்.

இத்தளத்தின் பெரும்பகை தூசு. ஆடிக் காற்றில் சேரும் மண்ணையும் சருகையும் ஐப்பசிக்கு முன்னரே கூட்டி அள்ளிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி கழுவும் விசைப் பம்பினால் சந்துகளைக் கழுவி, குறைந்த சிப்ஸை மீண்டும் நிரப்புவது நல்லது. கட்டட வேலைக்கு வரும் மணலை இதன்மேல் குவிக்கவே கூடாது. ஒரே நாளில் தளம் அடைபட்டுவிடும். கெபியின் முன் உருகி வழியும் மெழுகும் அவ்வாறே அடைக்கும். ஆதலால் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் தகரத் தட்டு வைப்பது அவசியம். பந்தற்காலுக்காகக் கட்டிகளை உடைக்காமலிருக்க, நிலையான குழாய்க் குழிகளை முன்னரே பதித்து மூடி போட்டுவிடலாம்.

செலவு கூடுமா என்றால், கூடும். மண்ணை வெட்டி அகற்றுவதற்கும் கழுவிய ஜல்லிக்கும் பணம் வேண்டும். முழு முற்றத்திற்கும் இயலாவிட்டால், நீர் முதலில் தேங்கும் தாழ்ந்த மூலையையும், முதியோர் நடக்கும் வடபுறத்துப் பாதையையும் மட்டும் இவ்வாறு அமைத்தாலே துன்பத்தில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். அடுத்த மழைக்காலத்தில் நனைந்த முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால், எந்த மூலை என்பது தானே தெரியும். வேலையைச் சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் முடித்துவிடுவது ஏற்றது.

ஒப்பந்தக்காரரிடம் பேசும்பொழுது கட்டியின் நிறத்தைப் பற்றிப் பேசுமுன் ஜல்லியின் ஆழத்தைப் பற்றிப் பேசுங்கள். ஜல்லி வந்திறங்கும் நாளில் பங்குப் பேரவையிலிருந்து ஒருவராவது உடனிருந்து பார்க்கட்டும். கட்டி பதித்த பின் அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடைசித் தவணையைக் கொடுக்குமுன், பதித்த தளத்தின் நடுவில் ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய இடத்திலேயே நீர் மறைந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம். ஓரத்தை நோக்கி ஊர்ந்து ஓடினால், உள்ளே தூசு கலந்த ஜல்லி கிடக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியைப் பெயர்த்து மீண்டும் போடச் சொல்லுங்கள்.